எல்லை கடக்கும் வாடகை வண்டி

வயலுக்கு வரப்பு எல்லை. ஊருக்கு எல்லைக் கல் எல்லை. நாட்டிற்கு மலையும் ஆறும் எல்லை. மனிதன் வாழும் நிலம் எங்கும் எல்லை உண்டு. ஆயினும், மனிதன் ஓர் எல்லைக்குள் அடங்கியிருப்பவன் அல்லன். தொழில் கருதியும், கல்வி கருதியும், உறவு கருதியும், தெய்வ வழிபாடு கருதியும் அவன் எல்லை கடந்து செல்கின்றான். கால்நடையாகச் செல்பவன் தன்னை மட்டுமே கொண்டு செல்கின்றான். சொந்த வண்டியில் செல்பவன் தன் உடைமையையும் உடன் கொண்டு செல்கின்றான். வாடகை வண்டியில் செல்பவனோ, பிறர் உடைமையைப் பிறர் ஆளும் நிலத்திற்குக் கொண்டு செல்கின்றான். ஆதலின் அவனுக்குரிய கடமைகள் இரண்டு: வண்டி உடையவர்க்கு ஆற்றும் கடமை ஒன்று, வண்டி புகும் நிலத்திற்கு ஆற்றும் கடமை மற்றொன்று. இவ்விரண்டையும் மறவாதவனே நற்பயணி ஆவான்.

எல்லையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றப்பட்ட பண்டங்களுக்கும் இறக்கப்பட்ட பண்டங்களுக்கும் சோழரின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பிற்காலத்தே முதற் குலோத்துங்க சோழன் சுங்க வரியை நீக்கினமையால் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். ஒரு வரி நீங்கியமை ஓர் அரசனுக்குப் பட்டப் பெயராயிற்று எனின், அவ்வரி வணிகர்க்கும் வழிச்செல்வார்க்கும் எத்துணைச் சுமையாய் இருந்திருத்தல் வேண்டும் என்பதை ஊகித்து உணரலாம். அன்று புலி முத்திரை செய்த பணியை இன்று வண்டியின் எண் பலகையும் அனுமதிச் சீட்டும் செய்து வருகின்றன.

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் மூன்று ஊர்கள் உள்ளன. இவற்றுள் அம்பத்தூர், 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மிதிவண்டித் தொழிற்சாலையாலும், பின்னர் எழுந்த பெரிய தொழிற்பேட்டையாலும் பெயர் பெற்றது. ஆவடி, படைக்கலமாகிய டாங்கிகளைச் செய்யும் கனரக ஊர்தித் தொழிற்சாலையால் இந்திய நாடெங்கும் அறியப்பட்டது. பூவிருந்தவல்லி, வைணவப் பெரியாராகிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த பழம்பதி. தொழிலின் பொருட்டுப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் இம்மூன்று ஊர்களிலும் குடியேறி வாழ்கின்றனர். ஆதலின் இவ்வூரார்க்கு வெளியூர்ப் பயணம் இன்றியமையாததாயிற்று.

இப்பகுதியிலிருந்து இரண்டு பெருஞ்சாலைகள் அண்டை மாநிலங்களை நோக்கிச் செல்கின்றன. ஒன்று, பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், திருத்தணி ஆகிய ஊர்களின் வழியாகச் சென்று, பொன்பாடியைக் கடந்து ஆந்திர மாநிலத்துள் புகுவது. நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியாகத் திருப்பதியை அடைவதற்கு இதுவே வழி. இவ்வூர் மக்கள் இதன் முற்பகுதியைச் சி.டி.எச். சாலை என்பர். மற்றொன்று, பூவிருந்தவல்லி வழியாகத் திருப்பெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய ஊர்களைக் கடந்து, அத்திப்பள்ளியில் கருநாடக மாநிலத்துள் புகுந்து பெங்களூரை அடைவது. பேருந்தும் புகைவண்டியும் இவ்வூர்களுக்கு உண்டு. எனினும், முதியோரையும் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லும் குடும்பத்தார், வீட்டு வாயிலில் ஏறிக் கோயில் வாயிலில் இறங்கலாம் என்னும் எண்ணத்தால் வாடகைக் காரையே நாடுகின்றனர்.

திருப்பதிச் சாலையின் வரலாறு, எல்லையின் இயல்பை நன்கு விளக்கும். ஒரு காலத்தில் ஆவடியும் திருப்பதியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. அக்காலத்தில் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே மாநில எல்லை யாதும் இல்லை. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தனியே அமைந்தது. அப்பொழுது திருத்தணியும் ஆந்திரத்தைச் சார்ந்தது. திருத்தணி தமிழ் நிலத்தோடு சேர்தல் வேண்டும் என்று ம. பொ. சிவஞானம் முதலானோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். அதன் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சாலை இருந்த இடத்திலேயே இருந்தது, மலையும் அசையவில்லை, எல்லை மட்டும் இடம் பெயர்ந்தது. முதல் ஆறாண்டுக் காலம் திருத்தணி முருகனை வழிபடச் சென்ற ஆவடி மக்கள் அண்டை மாநிலத்துக்குச் சென்றனர். அதன் பின்னர்த் தம் மாநிலத்துக்குள்ளேயே சென்றனர். எல்லை என்பது மனிதர் தம்முள் கூடி வகுத்துக்கொண்ட கோடு என்பது இதனால் பெறப்படும். மனிதர் வகுத்த கோடே ஆயினும், அக்கோட்டின் இரு புறத்தும் சட்டமும் வரியும் வேறுபடுதலின், அதனை இல்லாததாகக் கருதுதல் கூடாது.

“இந்தியக் குடிமகன் நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றிச் செல்லலாம் அன்றோ? பின்னர், எல்லையில் அனுமதிச் சீட்டு எதற்கு?” என்று ஒருவர் வினவலாம். இவ்வினா தகுதியுடையதே. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, குடிமக்கள் நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையை நல்குகின்றது. 301ஆம் பிரிவு, வணிகமும் போக்குவரத்தும் நாடு முழுதும் தடையின்றி நடைபெறுதல் வேண்டும் என்கின்றது. ஆயினும், வண்டிகளின்மீது வரி விதிக்கும் அதிகாரம் ஏழாம் அட்டவணையில் மாநிலங்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. மாநிலச் சாலைகளை அமைப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் மாநில அரசுக்குப் பொருள் வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டி அச்சாலையைத் தன் தொழிலுக்குப் பயன்படுத்துகின்றது. ஆதலின் மனிதன் சீட்டின்றி எல்லை கடக்கின்றான். அவன் ஏறியிருக்கும் வாடகை வண்டி சீட்டோடு எல்லை கடக்கின்றது.

வண்டி எத்தகையது என்பதை அதன் எண் பலகையின் நிறமே அறிவித்துவிடும். வெண்ணிறப் பலகையில் கருநிற எழுத்து இருப்பின், அது சொந்தப் பயன்பாட்டிற்கு உரிய வண்டி. மஞ்சள் பலகையில் கருநிற எழுத்து இருப்பின், அது ஓட்டுநரோடு வாடகைக்கு ஓடும் வண்டி. கரும்பலகையில் மஞ்சள் எழுத்து இருப்பின், அது வாடகைக்கு எடுப்பவர் தாமே ஓட்டிச் செல்வதற்கு உரிய வண்டி. மின்சார வண்டிகளுக்குப் பலகை பச்சை. அவற்றுள் சொந்த வண்டிக்கு எழுத்து வெண்மை, வாடகை வண்டிக்கு எழுத்து மஞ்சள். பலகையில் உள்ள எழுத்துகளோ வண்டி பதிவு பெற்ற ஊரைச் சுட்டும். டி.என். 12 என்பது பூவிருந்தவல்லி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும், டி.என். 13 என்பது அம்பத்தூர் அலுவலகத்தையும் குறிக்கும். ஆகவே, வண்டி எங்குச் சென்றாலும் தன் ஊரையும் தன் தொழிலையும் நெற்றியில் எழுதிக்கொண்டே செல்கின்றது எனலாம்.

1989ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வாடகைக்கு ஓடும் வண்டி அனுமதிச் சீட்டு இன்றிப் பொதுச் சாலையில் ஓடுதல் ஆகாது. ஒரு மாநிலம் தந்த சாதாரண அனுமதி அம்மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். அத்தகைய வண்டி அண்டை மாநிலம் செல்ல வேண்டுமாயின், தற்காலிக அனுமதி பெற்று, அம்மாநிலத்துக்கு உரிய வரியையும் செலுத்துதல் வேண்டும். முன்னாளில் ஓட்டுநர்கள் எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, வரிசையில் நின்று பணம் கட்டிச் சீட்டுப் பெற்றனர். இன்று இப்பணி பெரும்பாலும் கணினி வழியே நிகழ்கின்றது. நாடு முழுதும் செல்லத்தக்க சுற்றுலா அனுமதி என்பது வேறொன்று. 2021ஆம் ஆண்டிலும், பின்னர் 2023ஆம் ஆண்டிலும் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, வண்டி உடையவர் ஒரே கட்டணத்தைக் கணினி வழியே செலுத்தி இவ்வனுமதியைப் பெறலாம். அக்கட்டணம் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். ஆகவே, அண்டை மாநிலத்துக்கு வாடகைக் கார் அமர்த்துவோர், வண்டி நன்றாக ஓடுமா என்று கேட்பதோடு, அதன் அனுமதி எதுவரை செல்லும் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆவடியில் வாழும் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர், மனைவியோடும் மகன் குடும்பத்தாரோடும் திருப்பதி செல்ல எண்ணுகின்றார் எனக் கொள்க. மஞ்சள் பலகை வண்டி உடையவர் கூறிய வாடகை அவருக்கு மிகுதியாகத் தோன்றுகின்றது. அதனை அறிந்த அண்டை வீட்டு இளைஞர் அவரிடம் வருகின்றார்.

“ஐயா, என்னிடம் கார் சும்மாதானே நிற்கின்றது? அவர்கள் கேட்கும் தொகையில் பாதியைத் தாருங்கள், நானே ஓட்டி வருகின்றேன்” என்கின்றார் இளைஞர்.

“தம்பி, உன் வண்டி வெள்ளைப் பலகை வண்டி ஆயிற்றே! எல்லையில் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வாய்?” என்று வினவுகின்றார் பெரியவர்.

“உறவினர் என்று சொல்லிவிட்டால் போயிற்று. பணம் தந்தது யாருக்குத் தெரியும்?”

பெரியவர் சிறிது நேரம் எண்ணிப் பார்க்கின்றார். பின்னர், “தம்பி, நீ என்னிடம் வைத்துள்ள அன்பை நான் அறிவேன். ஆனால், எல்லையில் நிற்பவரிடம் சொல்லும் பொய் எல்லையோடு முடிந்துவிடாது. வழியில் நடந்து செல்லும் ஒருவர்மேல் உன் வண்டி மோதிவிட்டால், அந்தப் பொய் அவரைக் காக்குமா? உன்னைத்தான் காக்குமா?” என்கின்றார். இளைஞர் விடை கூறவில்லை.

பெரியவர் கேட்ட வினாவிலேயே இப்பொருளின் உயிர்நிலை உள்ளது. சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும், அதனால் பிறர்க்கு நேரும் தீங்கை ஈடு செய்வதற்கு உரிய காப்பீடு இருத்தல் வேண்டும் என்பது சட்டம். சொந்தக் காருக்கு உரிய காப்பீட்டுப் பத்திரத்தில், அக்காரை வாடகைக்கு விடுதல் ஆகாது என்னும் நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையை மீறி வாடகைக்கு ஓடிய வண்டி விபத்தில் சிக்குமாயின், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுத்து வழக்காடலாம். அனுமதிச் சீட்டு இன்றி ஓடிய வாடகை வண்டிகளைப் பற்றி 2004ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்குகள் வந்தன. அனுமதி இன்மை சிறு பிழையன்று, அடிப்படை மீறலே என்று நீதிமன்றம் கொண்டது. காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைத் துன்புற்றோர்க்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை வண்டி உடையவரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் கூறியது. அத்தகைய தொகை ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் விற்கச் செய்யும் அளவினதாகவும் இருக்கலாம். பாதி வாடகைக்கு ஆசைப்பட்டு, ஆயுட்காலச் சேமிப்பை இழப்பது அறிவுடைமை ஆகுமா?

மஞ்சள் பலகை வண்டியின் வாடகை மிகுதியாய் இருப்பதன் காரணமும் இங்கு அறியத்தக்கது. அவ்வண்டி உடையவர் வாடகை வண்டிக்கு உரிய வரியைச் செலுத்துகின்றார். அனுமதிக் கட்டணம் கட்டுகின்றார். பயணிகளுக்கும் சேர்த்துக் காப்பீடு செய்கின்றார். புதிய வண்டியை எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒரு முறையும், அதன் பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் தகுதிச் சோதனைக்கு உட்படுத்துகின்றார். திருப்பதியில் பயணியரை இறக்கிவிட்டு வெறுவண்டியாய்த் திரும்பும் வழிக்கும் அவர் எரிபொருள் இடுதல் வேண்டும். ஒருவழிப் பயணத்திற்கும் இருவழி வாடகை கேட்கப்படுவதன் காரணம் இதுவே. வாடகையாகக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி, பயணியின் உயிர்க்கும் வழிப்போக்கரின் உயிர்க்கும் வேலியாக நிற்கின்றது.

பெரியவர் இறுதியில் மஞ்சள் பலகை வண்டியையே அமர்த்துகின்றார் எனக் கொள்க. விடியற்காலையில் வந்த ஓட்டுநர், “ஐயா, எல்லாச் சான்றுகளும் உள்ளன, பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஓர் உறையை நீட்டுகின்றார். மக்கள் ஆர்.சி. என வழங்கும் பதிவுச் சான்று, பெர்மிட் என வழங்கும் அனுமதிச் சீட்டு, எஃப்.சி. என வழங்கும் தகுதிச் சான்று, காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியன அவ்வுறையில் உள்ளன. பொன்பாடியில் யாரேனும் நிறுத்தினும் அவ்வண்டியில் இருப்போர்க்கு அச்சம் இல்லை. எவரும் எவர்க்கும் உறவினராக நடிக்க வேண்டுவதும் இல்லை. உண்மையோடு செல்வார்க்கு எல்லைச் சாவடி தங்குமிடம் போன்றது. பொய்யோடு செல்வார்க்கு அதுவே பொறி போன்றது.

தாமே ஓட்டிச் செல்ல விரும்புவோர், கரும்பலகை வண்டியை வாடகைக்கு எடுக்கின்றனர். 1989ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இத்தொழிலை ஒழுங்கு செய்தது. அத்திட்டத்தின்படி உரிமம் கோரும் நிறுவனம், நாடு முழுதும் செல்லும் அனுமதி பெற்ற கார்கள் 50க்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். ஆதலின் சட்டப்படி அமைந்த கரும்பலகை வண்டிக்கு மாநில எல்லை தடையாவதில்லை. ஆயினும், வாடகை ஒப்பந்தத்தில் உடையவர் விதித்த நிபந்தனைகளும் உண்டு. எந்த மாநிலங்களுக்குச் செல்லலாம், எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், வேறு யாரேனும் ஓட்டலாமா, பழுது நேரின் யாருக்கு அறிவித்தல் வேண்டும் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அரசு அனுமதி தந்தது என்பதனால் உடையவர் அனுமதியும் கிடைத்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. இரண்டும் வேறு வேறு.

இவ்வேறுபாடு ஐரோப்பாக் கண்டத்தில் இன்னும் தெளிவாக விளங்கும். மேற்கூறிய பெரியவரின் பேரன், சில வாரப் பணியின் பொருட்டு ஜெர்மனி நாட்டின் ம்யூனிக் நகரம் செல்கின்றான் எனக் கொள்க. விடுமுறை நாளில் அவன் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் நகரைக் காண விரும்புகின்றான். சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள தொலைவும், ம்யூனிக்கிற்கும் சால்ஸ்பர்க்கிற்கும் இடையே உள்ள தொலைவும் ஏறக்குறைய ஒத்தவை. இரண்டும் 150 கிலோமீட்டர் அளவினவே. தாத்தா கடந்தது மாநில எல்லை. பேரன் கடப்பதோ நாட்டு எல்லை. எனினும், இந்நாட்டு எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை இடுவார் இலர்.

இந்நிலை தானாக வந்ததன்று. 20ஆம் நூற்றாண்டில் இருமுறை பெரும்போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட நாடுகள் அவை. 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், லக்சம்பர்க் நாட்டில் மோசல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரில், ஜெர்மனி, பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தம் நாடுகளுக்கு இடையே உள்ள எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்குவதே அதன் நோக்கம். 1995ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர்ப் பல நாடுகளும் சேர்ந்தன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025ஆம் ஆண்டு சனவரியில் முழுமையாக இணைந்தபின், அந்நாடுகளின் எண்ணிக்கை 29 ஆயிற்று. எனினும், பாதுகாப்புக் கருதிச் சில நாடுகள் தற்காலிகமாகச் சோதனையை மீண்டும் ஏற்படுத்துவது உண்டு. ஆகவே பயணி கடவுச்சீட்டையும் விசாவையும் எப்பொழுதும் தன்னுடன் வைத்திருத்தல் வேண்டும்.

எல்லைச் சாவடி மறைந்தது. ஆனால் கடமை மறைந்ததா? இல்லை. முதலாவது, பேரனுக்கு வண்டி ஓட்டும் தகுதி அந்நாட்டில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். 1949ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் சாலைப் போக்குவரத்துப் பற்றி நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்துள்ளது. அதன்படி, இந்திய ஓட்டுநர் உரிமம் உடையவர் புறப்படுமுன் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெறலாம். அது ஓராண்டு செல்லும். அதனோடு மூல உரிமமும் கையில் இருத்தல் வேண்டும். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வலப்புறம் செல்கின்றன. பழகிய கை பழைய பக்கத்திற்கே வண்டியைத் திருப்பும் ஆதலின், முதல் நாள் மிக்க விழிப்பு வேண்டும்.

இரண்டாவது, வண்டி உடையவரின் உடன்பாடு. ஐரோப்பிய வாடகை நிறுவனங்கள், தம் கார் எந்தெந்த நாடுகளுக்குச் செல்லலாம் என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிடுகின்றன. சில நாடுகளுக்குத் தடையின்றிச் செல்லலாம்; சில நாடுகளுக்கு முன்னரே அறிவித்துத் தனிக் கட்டணம் செலுத்துதல் வேண்டும்; விலை மிகுந்த கார்களைச் சில நாடுகளுக்குக் கொண்டுசெல்லுதல் அறவே கூடாது. கார் களவு போகும் அச்சமும், பழுது நேர்ந்தால் மீட்டு வரும் செலவும் இத்தடைக்குக் காரணங்கள் ஆகும். தடை செய்யப்பட்ட நாட்டிற்குள் காரைக் கொண்டுசெல்பவன், அங்கு நேரும் இழப்பு முழுவதையும் தானே ஏற்க நேரலாம். ஒரு நாட்டில் எடுத்த காரை வேறொரு நாட்டில் விட்டுவிட்டு வந்தால் பெருந்தொகை கேட்பார்கள். அக்காரை அதன் சொந்த நாட்டிற்கு மீட்டு வருதல் வேண்டும் அன்றோ? ஆவடி ஓட்டுநர் வெறுவண்டியாய்த் திரும்பும் செலவும் இதுவும் ஒரே இயல்பினவே.

மூன்றாவது, சாலைக்கு உரிய கட்டணம். ஆஸ்திரியாவின் விரைவுச் சாலைகளில் 1997ஆம் ஆண்டு முதலும், சுவிட்சர்லாந்தின் விரைவுச் சாலைகளில் 1985ஆம் ஆண்டு முதலும், ‘வின்யெட்’ எனப்படும் கட்டண வில்லையை வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் வழக்கம் உண்டு. இக்காலத்தில் எண் பலகையைக் கணினியில் பதிந்தும் கட்டணம் செலுத்தலாம். எல்லையில் நிறுத்திக் கேட்பார் இல்லை என்று எண்ணி, வில்லையின்றி ஓட்டிச் செல்வாரைச் சாலை ஓரத்துக் கருவி கண்டுகொள்ளும். தண்டத்தொகை வாடகை நிறுவனத்துக்குச் செல்லும். நிறுவனம் வாடகைக்கு எடுத்தவரின் பெயரைக் கொடுத்துவிடும். பயணி ஊர் திரும்பிய பின்னரும் அவருடைய பிழை அவரைத் தேடி வரும்.

நான்காவது, பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடு. ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டில் விபத்து விளைவித்தால், துன்புற்றவர் அயல்நாட்டு நிறுவனத்தை எங்கே சென்று தேடுவார்? இக்குறையைப் போக்குதற்பொருட்டு, 1949ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதாரக் குழு ஒரு வழி வகுத்தது. 1953ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அவ்வேற்பாடு, ‘பச்சை அட்டை’ எனப்பட்டது. அட்டை பச்சை நிறத்தாளில் அச்சிடப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. விபத்து நேர்ந்த நாட்டிலேயே ஒரு பொது அலுவலகம் இருந்து, துன்புற்றவரின் கோரிக்கையை ஏற்று ஈடு செய்யும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இன்று வண்டியின் எண் பலகையே இவ்வட்டையின் பயனைத் தந்துவிடும். துருக்கி, மொராக்கோ போன்ற நாடுகளுக்குள் செல்லும் ஐரோப்பிய வண்டிக்கு அட்டை இன்றும் வேண்டும். போரில் புண்பட்ட நாடுகள், தம் மக்கள் சாலையில் புண்படும்பொழுது கைவிடப்படுதல் கூடாது என்று கருதிச் செய்த இவ்வேற்பாடு, எல்லை நீங்குவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது என்பது எண்ணத்தக்கது. பொறுப்பு முதலில் எல்லை கடந்தது. சுதந்திரம் அதன் பின்னரே எல்லை கடந்தது.

சாலை விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆஸ்திரியாவில் நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருக்கும்பொழுது, காருக்குப் பனிக்கால டயர் வேண்டும். செக் நாட்டில் வண்டி ஓட்டுபவர் மதுவைச் சிறிதளவும் அருந்தியிருத்தல் கூடாது. “என் ஊரில் இவ்வழக்கம் இல்லை” என்று கூறுதல் அங்கு விடையாகாது. விருந்தினராய்ச் சென்ற வீட்டின் வழக்கத்தை மதிப்பது பண்பாடு. சென்ற நாட்டின் சாலை விதியை மதிப்பதும் அத்தகையதே.

தாத்தா சென்ற திருப்பதிச் சாலையையும் பேரன் சென்ற சால்ஸ்பர்க் சாலையையும் ஒப்பிட்டு நோக்கின், ஓர் உண்மை புலனாகும். இரு சாலைகளிலும் எல்லை கடப்பவரை நோக்கி மூன்று வினாக்கள் எழுகின்றன. வண்டி உடையவர் இதற்கு உடன்பட்டாரா? வண்டி புகும் நிலத்தின் சட்டமும் வரியும் நிறைவேறினவா? வழியில் எவர்க்கேனும் தீங்கு நேர்ந்தால் அவர்க்கு ஈடு உண்டா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்னும் விடை உடையவர் எந்த எல்லையையும் அஞ்சாது கடக்கலாம். இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை இல்லாதவர், காவலர் ஒருவரும் இல்லாத எல்லையையும் அச்சத்தோடே கடப்பார்.

அனுமதிச் சீட்டும் காப்பீட்டுச் சான்றும் வெறுந்தாள்கள் என்று சிலர் கருதுவர். ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு மனிதர் உள்ளார் என்பதை அவர் அறியார். ஒப்பந்தத்தின் பின்னே, கடன் பெற்று வண்டி வாங்கிய உடையவர் உள்ளார். வரிச் சீட்டின் பின்னே, வெயிலில் சாலை செப்பனிடும் தொழிலாளி உள்ளார். காப்பீட்டுச் சான்றின் பின்னே, சாலை ஓரமாக நடந்து செல்லும் முகமறியா வழிப்போக்கர் உள்ளார். இம்மூவர்க்கும் நேர்மையாய் நடப்பதே எல்லை கடப்போர் கைக்கொள்ளும் ஒழுக்கம். அரசுகள் காலந்தோறும் எல்லைகளை மாற்றி அமைக்கலாம்; சில இடங்களில் முற்றும் நீக்கியும் விடலாம். ஆயினும், பிறர் பொருளைத் தன் பொருள்போல் பேணுதலும், பிறர் உயிரைத் தன் உயிர்போல் மதித்தலும் ஆகிய கடமைகள் எந்நிலத்தும் மாறுவன அல்ல.